திருத்தங்கலுக்கு வந்த பழைய மிஷின்

செல்லக்கனிக்கு மிஷின் வாங்க வேண்டும் என்ற ஆசையெல்லாம் கிடையாது. ஆசைப்படுகிற வயதும் உடம்பும் போய்விட்டதாகவே அவள் நினைத்திருந்தாள். ஆசிட்டை விட்டுத் தொலைக்க வேண்டும், அவ்வளவுதான்.

திருத்தங்கலில் அவளும் அவள் புருஷன் பாண்டிச்செல்வமும் நடத்தி வந்தது பிளாக் பட்டறை. காலண்டரில் முருகனுடைய வேல் தங்கத்தாளில் மின்னுவதற்கும், பட்டாசு கிஃப்ட் பெட்டியின் மூடியில் கம்பெனிப் பெயர் புடைத்து நிற்பதற்கும் உலோகத்தில் ஓர் அச்சு வேண்டும். அதைத்தான் பிளாக் என்பார்கள். தகட்டில் படத்தை ஏற்றி ஆசிட் தொட்டியில் போட்டு ஆட்டினால், வேண்டாத இடத்தை ஆசிட் தின்றுவிடும், வேண்டிய இடம் மேடாக நிற்கும். கல்யாணமான நாளிலிருந்து இரண்டு பேரும் அந்தத் தொட்டியோரத்திலேயே கிடந்தார்கள். தகட்டைத் தின்ற ஆசிட் ஆளையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. பாண்டிச்செல்வத்துக்கு முதலில் இருமல் வந்தது. பிறகு இளைப்பு. பிறகு நாலு எட்டு நடந்தால் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டிய நிலைமை. மதுரை டாக்டர், “இனிமே அந்த வாடையே ஆகாது” என்று முடிவாகச் சொல்லிவிட்டார்.

பட்டறை வீட்டின் முன்பக்கம். நடுவில் இருந்த கதவைச் சாத்தி, இடுக்கெல்லாம் டேப் ஒட்டினார்கள். அவர் இருந்த அறையின் சன்னலையும் அடைத்து ஒரு ஏசி மாட்டினார்கள். அவர் அந்தப் பக்கம், அவள் இந்தப் பக்கம். ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டு போனில் பேசிக்கொள்ளும் புருஷன் பெண்டாட்டி அந்தத் தெருவில் அவர்கள்தான். அவள் வேலை முடிந்து பின்வாசலில் குளித்து, சேலை மாற்றி, தலையை மோந்து பார்த்துவிட்டுத்தான் அவர் பக்கத்தில் போய் உட்காருவாள்.

இதற்கிடையே பிரஸ்காரர்கள் பித்தளை பிளாக் கேட்க ஆரம்பித்தார்கள். மிஷினில் வெட்டியது ஓரம் மழுங்காதாம், ஆயிரக்கணக்கில் அடித்தாலும் தேயாதாம். கோயம்புத்தூருக்கும் பெங்களூருக்கும் ஆர்டர் போக ஆரம்பித்தது. மயிர் கனத்துக்கு நுனியுள்ள கட்டரை அசுர வேகத்தில் சுற்ற வைத்துப் பித்தளையைச் செதுக்குகிற கம்ப்யூட்டர் மிஷின் அது. புதிதாக வாங்குவதை நினைத்துப் பார்க்கவும் முடியாது. பழசாகக் கோயம்புத்தூரில் கிடைக்கும் என்று ஒரு புரோக்கர் சொன்னான். அலைய வேண்டியவள் அவள்தான்.

கிளம்பும்போது பாண்டிச்செல்வம் போனில் சொன்னார்: “கனி, ஓட்டிக் காட்டுறதுக்கு முன்னாடியே அந்த ஸ்பிண்டில் மேல கைய வச்சுப் பாரு. கட்டரைப் பிடிச்சுச் சுத்துதுல்ல, அந்தத் தலைப்பாகம். சில்லுன்னு இருக்கணும். சூடா இருந்துச்சுன்னா, நீ வர்றதுக்கு முன்னாடியே ஓட்டி, தேய்மானச் சத்தத்த அடக்கி வச்சிருக்கான்னு அர்த்தம்.”

“நீங்க எங்கன படிச்சீக இதெல்லாம்?”

“அடைச்சுப் போட்ட ரூம்ல வேற என்ன வேலை எனக்கு? போனைத்தான் பாத்துக்கிட்டுக் கெடக்கேன்.”

பஸ்ஸில் உட்கார்ந்தபடியே தூங்கி, விடிந்ததும் இறங்கி, பஸ் ஸ்டாண்டிலேயே முகம் கழுவிக்கொண்டு போனாள். முதல் கம்பெனியில் மிஷின் கல்யாண மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று நின்றது. புதுப் பெயின்ட் வாடை இன்னும் போகவில்லை. அவள் நேராகப் போய் ஸ்பிண்டில் மேல் உள்ளங்கையை வைத்தாள். அடுப்படிச் சுவர் மாதிரி இளஞ்சூடாக இருந்தது. கையை எடுத்துச் சேலையில் துடைத்துக்கொண்டு, கூட வந்த புரோக்கரிடம் “போவோம்” என்றாள்.

“என்னக்கா, சந்தையில மாட்டைப் பாக்குற மாதிரி தொட்டுப் பாத்துட்டுக் கெளம்புறீங்க?” என்று புரோக்கர் சலித்துக்கொண்டான்.

அடுத்தடுத்துப் பார்த்த இடங்களும் சரியில்லை. ஓரிடத்தில் மிஷின் ஓடவே இல்லை. இன்னோரிடத்தில், மிஷினை ஏற்கெனவே விற்றுவிட்டு, வந்தவளுக்கு டீ மட்டும் வாங்கிக் கொடுத்தார்கள். வெறுங்கையோடு ஊருக்குத் திரும்பி, மறுபடி ஆசிட்டில் கைவைத்து, ஒரு மாதம் கழித்து மறுபடி பஸ் ஏறினாள்.

அந்தத் தடவைதான் நாச்சிமுத்துவைப் பார்த்தது. கோயம்புத்தூர் கணபதிப் பக்கம் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருந்த மனுஷன். வயது அறுபதை ஒட்டி இருக்கும். மிஷின் எண்ணெய்க் கறையோடு, மூலையில் பெயின்ட் உரிந்துபோய் நின்றது. தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது.

“பெயின்ட் அடிக்கலாம்னாங்க. நான்தான் வேண்டாம்னுட்டேனுங்க” என்றார் அவர். “ஒரு தடவ எங்காளு ஸ்பிண்டில இடிச்சுப் போட்டானுங்க. உள்ள பேரிங் மாத்தியாச்சு. அதச் சூடாகாம பாத்துக்கற சில்லர் இருக்குதுங்களே, அது கொஞ்சம் சோதாதானுங்க. எங்கூருக் குளுமைக்குத் தாங்குச்சு. உங்கூரு வெயிலுக்கு எப்படியோ, நான் பொறுப்பில்லீங்க.”

குறையை மறைக்காமல் சொல்கிற ஆளைப் பார்த்தால் நிம்மதி வர வேண்டும். அலைந்து அலைந்து அவளுக்கு அதிலும் சந்தேகம்தான் வந்தது. “பெறகு ஏன் விக்கிறீக?” என்று கேட்டுவிட்டாள்.

நாச்சிமுத்து ஸ்டூலில் உட்கார்ந்து முழங்காலை நீவிக்கொண்டார். “நின்னு நின்னு காலு போச்சுங்க. காத்தால எந்திரிச்சதும் இன்னைக்கும் பட்டறைக்குப் போகோணுமான்னு இருக்குதுங்க. அப்புறம் எதுக்குங்க?”

இது தன் வாயில் வர வேண்டிய பேச்சு அல்லவா என்று அவளுக்குத் தோன்றியது.

அவள் கொண்டுபோயிருந்த மயில்தோகைப் படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒரு பித்தளைத் துண்டில் அவரே வெட்டிக் காட்டினார். வெட்டி முடிக்க நேரமானது. அவள் தோகையின் ஓரத்தில் கட்டை விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, வெளியே வந்து வீட்டுக்குப் போன் போட்டாள்.

“ஓரம் எப்படி இருக்கு?” என்றார் பாண்டிச்செல்வம்.

“விரல்ல லேசா கீறிருச்சு.”

மூச்சை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, “அப்ப வாங்கு” என்றார்.

மிஷினை ஓட்டக் கற்றுக்கொள்ள அங்கேயே இருந்த சின்னம்மா மகள் வீட்டில் தங்கிக்கொண்டு தினமும் நாச்சிமுத்து பட்டறைக்குப் போனாள். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்ப்பாள். பிளாக்குக்குப் படம் தயார் பண்ணிய பழக்கத்தில் கம்ப்யூட்டர் கைக்கு வந்தது. கட்டர்தான் வரவில்லை. ஊசி மாதிரி ‘டிக்’ என்று ஒடியும். ஒவ்வொன்று ஒடியும்போதும், “ஒடியட்டுமுங்க, ஒடிக்காம யாரு படிச்சாங்க” என்பார் அவர்.

சித்திரை வெயிலில் மிஷின் லாரியில் வந்து இறங்கியது. சந்துக்குள் கிரேன் நுழையவில்லை. இரும்புக் குழாய்களைக் கீழே போட்டு, ஆட்கள் உருட்டி உருட்டித் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பட்டறை வாசலில் வந்து நின்ற பிறகுதான், நிலை அகலம் பத்தாது என்று தெரிந்தது. முன்சுவரை இடிக்க வேண்டியதாயிற்று. மிஷின் உள்ளே போனபோது செல்லக்கனி இடிந்த செங்கல் மேல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி, “சந்தோஷந்தானக்கா?” என்று கேட்டாள். “கொஞ்சம் தண்ணி குடு” என்றாள் இவள்.

முன்சுவரை மறுபடி எழுப்பி மிஷினை ஓட்டத் தொடங்கியதும், நாச்சிமுத்து சொன்னது சொன்னபடி நடந்தது. தகரக் கூரைக்கு அடியில் அந்தச் சில்லர் தாக்குப்பிடிக்கவில்லை. காலையில் ஓடும். வெயில் ஏற ஏற மிஷின் சிவப்பு விளக்கைப் போட்டுக் கத்திவிட்டு நின்றுவிடும். பாதி வெட்டிய பித்தளையை மறுநாள் தொடர்ந்தால் கோடு விலகும். அதனால் தொட்டியையும் விட முடியவில்லை. காலையில் மிஷின், மதியத்துக்கு மேல் ஆசிட் என்று ஒரு வேலை இரண்டாயிற்று.

காலண்டர் கம்பெனி முதலாளியின் மகன் மணிகண்டராஜ் ஒருநாள் பைக்கில் வந்து நின்றான். “அக்கா, அடுத்த வருஷத்துக் காலண்டர் மாதிரியெல்லாம் சேத்த ஆல்பம் ஆடிப்பெருக்குக்கு வெளிய வரணும். பன்னெண்டு மாசத்துக்கும் பித்தளை பிளாக்தான் வேணும்னு அப்பா சொல்லிட்டாங்க. ஒங்களால முடியாதுன்னா இப்பவே சொல்லிருங்க, பெங்களூருக்குக் குடுத்துருதோம்.”

“முடியும் தம்பி” என்றாள். முடியாது என்று சொல்லி அதற்குக் காரணமும் சொல்வதைவிட, முடியும் என்று சொல்வது சுலபமாக இருந்தது.

அவன் போன கொஞ்ச நேரத்தில் மிஷின் நின்றது. அவள் அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். போன் அடித்தது.

“சத்தம் நின்னுபோச்சே. சூடாயிருச்சா?”

“ஆமா.”

“என் ரூம்ல இருக்க ஏசியக் கழட்டி அங்கன மாட்டு.”

“சும்மா கெடங்க. ஒங்களுக்கு மூச்சு முட்டுனா யாரு பாக்குறது?”

“ஏ, நான் சொல்றதக் கேளு. ஆசிட் வாடைக்குப் பயந்துதான சன்னலை அடைச்சோம்? சன்னலை அடைச்சதுனாலதான ஏசி? ஆசிட்டே இல்லன்னா நான் சன்னலைத் தெறந்து வச்சுக்கிடுவேன்ல?”

ஆசிட்டை அடியோடு விடுவதென்றால், மிஷின் கைவிட்டால் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பும் இருக்காது. சில்லறை ஆர்டர் கொடுக்கிற பழைய ஆட்கள் பித்தளைக்கு வர மாட்டார்கள். அன்றும் மதியத்துக்கு மேல் தொட்டிப் பக்கமே போனாள். மறுநாள் காலையில் தொட்டி மூடியைத் திறந்தபோது இருமல் வந்தது. அது அவளுடைய இருமல்தான். ஆனால் சத்தம் அச்சாக அவருடைய இருமல் மாதிரியே இருந்தது. மூடியை மறுபடி போட்டுவிட்டு, ஆசிட் சப்ளை பண்ணுகிற கம்பெனிக்குப் போன் பண்ணி, டிரம்மையெல்லாம் எடுத்துப் போகச் சொன்னாள்.

தொட்டி போனது. தரையில் சுண்ணாம்பைக் கொட்டிக் கழுவினார்கள், காய்ந்ததும் மறுபடி கழுவினார்கள். அவர் அறைச் சன்னலைத் திறந்துவிட்டு, பட்டறைக் கூரைக்கு அடியில் தெர்மாகோல் அடித்து ஏசியை இங்கே மாட்டினார்கள். உச்சி வெயிலில் மிஷின் நிற்காமல் ஓடியது. அப்போதும் அவளுக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. எப்போது நிற்குமோ என்று காதைக் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

ஆனி முடிகிற சமயம், நடுக்கதவில் டேப் பிய்கிற சத்தம் கேட்டது. பாண்டிச்செல்வம் சுவரைப் பிடித்துக்கொண்டு பட்டறைக்குள் வந்தார். வருஷக்கணக்கில் அவர் மிதிக்காத தரை. வாசலிலேயே நின்று மூக்கால் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தார். இருமல் வரவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, வெகுநேரம் மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்தப் பக்கம் இருந்து கேக்கையில கொசு கத்துற மாதிரி இருந்துச்சு. இம்புட்டுச் சத்தமா?” என்றார்.

“பெறகு? சும்மாவா வெட்டும்?” என்றாள்.

அதிலிருந்து அவர் பூதக்கண்ணாடியும் கையுமாக ஒரு மூலையில் உட்கார்ந்து, வெட்டிய பிளாக்குகளைச் சரிபார்த்துக் கொடுக்க ஆரம்பித்தார். ஆடிப்பெருக்கன்று ஆல்பம் வெளிவந்தது. பழைய வாடிக்கைக்காரர்களில் பாதிப்பேர் வேறு இடம் தேடிக்கொண்டார்கள். தீபாவளி நெருக்கத்தில் ஸ்பிண்டில் ஊளையிட ஆரம்பிக்க, நாச்சிமுத்து பேரிங்கை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி வந்து, கால்வலியோடு குனிந்து மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். பெருமை பேசும்படி ஒன்றும் நடக்கவில்லை. பட்டறை ஓடியது.

கார்த்திகையில் ஒரு மதியம், பெரிய பிளாக் ஒன்று வெட்டிக்கொண்டிருந்தது. செல்லக்கனி நின்றபடியே கண்ணைச் சொருகுவதைப் பார்த்து, “செத்த நேரம் படு கனி. நான் பாத்துக்கிடுதேன்” என்றார் பாண்டிச்செல்வம்.

“நின்னா எழுப்புங்க” என்று சொல்லிவிட்டு, ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தரையில் போட்டு மிஷின் பக்கத்திலேயே படுத்தாள். பகலில் படுத்து அவளுக்குப் பழக்கமே இல்லை. படுத்த மாத்திரத்தில் குறட்டை வந்துவிட்டது.

வேலை முடிந்து மிஷின் நின்றது. அவர் எழுப்பவில்லை. வெட்டிய பித்தளையை மெதுவாகக் கழற்றி எடுத்தார். அடுத்த தகட்டை எப்படி மாட்டுவது என்று தெரியவில்லை. அவளாக விழிக்கும்வரை வெட்டி முடித்த பிளாக்கை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.