கெசத்துக்கும் மீற்றருக்கும் நாலு விரல்: அக்கராயனிலிருந்து மல்லாவிக்கு ஒரு கோல்ப் பயணம்

முதலில் வீட்டுப் பிள்ளைகளின் நல்ல செய்திகள். மூத்த பேரன் பொறியியல் படிப்பை முடித்துவிட்டான். இரண்டாவது பேரன் கிளிநொச்சியில் வங்கியில் வேலைக்குச் சேர்ந்து, முதல் சம்பளத்தில் எனக்கு மூக்குக்கண்ணாடி வாங்கித் தந்தான். இதை அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். கடைக்குட்டிப் பேத்தி ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தி. நான் படித்ததும் ஐந்தாம் ஆண்டு வரைதான். ஆகவே இன்றைக்கு அவளும் நானும் ஒரே படிப்பு, அடுத்த வருடம் அவள் என்னைத் தாண்டிவிடுவாள். மகளின் மகள் தர்சிகா, மெல்பேர்னில் இருக்கிறவள், பல்கலைக்கழகப் பெண்களுக்கான கோல்ப் போட்டியில் கிண்ணம் வாங்கியிருக்கிறாள். இந்த இணையப் பக்கத்தின் மேலே கிண்ணத்தோடு நிற்பது அவள்தான், நான் எழுதி அனுப்புவதை இதில் போடுவதும் அவள்தான்.

அந்தக் கிண்ணத்தால் வந்ததுதான் இந்தப் பயணம். என் அண்ணன் மாணிக்கம் மல்லாவியில் இருக்கிறார். எழுபத்தொரு வயது. எழுபதுகளின் கடைசியில் நாங்கள் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறுவதற்கு முன், அண்ணன் மலையில் ஒரு கோல்ப் மைதானத்தில் துரைமாருக்குப் பை தூக்கினவர். தோட்டத்துப் பெடியன்கள் பலருக்கு அந்த வேலைதான். மைதானம் ஆளில்லாமல் கிடக்கிற நாளில் அவர்களும் பழைய கம்பை எடுத்து அடித்துப் பார்ப்பார்கள். அண்ணன் அடித்தால் பந்து மற்றவர்களுடையதைத் தாண்டிப் போகும் என்று சிறு வயதிலேயே கேட்டிருக்கிறேன். ஆனால் அதை எவரும் ஒரு தாளில் எழுதி வைத்ததில்லை.

போன ஆனி மாதம் தர்சிகா கிண்ணம் வாங்கியதும் அண்ணனுக்குத்தான் முதலில் தொலைபேசி எடுத்தேன். "அண்ணே, என்ர பேத்தி இருநூற்றுப் பத்து அடிக்கிறாள்" என்றேன். "நல்லது. நான் இருநூத்தி முப்பது அடிச்சவன்" என்றார். சந்தோசம் சொல்ல எடுத்த இடத்தில் இருபதைக் குறைத்துவிட்டாரே என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நீங்கள் பை தூக்கின ஆள்தானே, விளையாடின ஆளோ?" என்று கேட்டுவிட்டேன். அந்தப் பக்கம் தொலைபேசி வைக்கப்பட்ட சத்தம். எட்டு மாதம் அண்ணன் என்னோடு கதைக்கவில்லை. பொங்கலுக்கு எடுத்தேன், அவர் வீட்டு மருமகள்தான் கதைத்தாள்.

மாசியில் தர்சிகா இரண்டு வாரம் வந்து நின்றாள். வந்தவள் கோல்ப் பையையும் தூக்கிக்கொண்டு வந்தாள். அதற்குள் அவளுடைய கம்புகளோடு, மெல்பேர்னில் பழைய பொருட்கள் விற்கிற கடையில் பதினைந்து டொலருக்கு வாங்கின மரத்தலைக் கம்பு ஒன்றும் இருந்தது. "மல்லாவித் தாத்தாவின்ர காலத்துக் கம்பு, அம்மம்மா. அந்தக் காலத்து ஆக்கள் பெரிசோ, இந்தக் காலத்து ஆக்கள் பெரிசோ எண்டு எங்கட குழுவில எப்பவும் சண்டை. நான் ஒருக்கால் நேரில பார்க்கோணும்" என்றாள். எனக்கும் நேரில் பார்க்க ஒரு காரியம் இருந்தது. அவளிடம் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை 6.10க்குப் புறப்பட்டோம். எங்கள் பக்கத்து ராசனின் ஓட்டோ. போக, நிற்க, வர 9,000 ரூபா பேசினோம். பையை உள்ளே நேராக வைக்க முடியவில்லை, குறுக்கே வைத்ததில் தலைப்பக்கம் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. நீளமான கறுப்புப் பையைக் கண்டால் எங்கள் பக்கத்தில் ஒரு தரம் திரும்பிப் பார்ப்பார்கள். ராசனும் பார்த்தான்.

"அம்மா, உதென்ன, கிரிக்கெட்டோ?"

"இல்லைத் தம்பி, கோல்ப்."

"ஓ, குழிக்குள்ள பந்து விடுறது. எங்கட றோட்டிலயே விளையாடலாமே, குழி கிண்டத் தேவையில்லை."

அவன் சொன்னதில் பொய்யில்லை. முறிகண்டி வரைக்கும் வீதியில் சில இடங்களில் தார் போய்க் கிறவல்தான். குளத்துத் தண்ணீர் பாயும் வயல்கள் இரண்டு பக்கமும் அறுவடை முடிந்து வைக்கோல் நிறத்தில் கிடந்தன. முறிகண்டியில் 6.50க்கு நின்றோம். ஏ9 வீதியால் போகிற எந்த வாகனமும் முறிகண்டிப் பிள்ளையாரைக் கண்டுவிட்டு நிற்காமல் போவதில்லை. தேங்காய் உடைத்தேன். "ஆருக்கம்மா தேங்காய், பிள்ளைக்கோ?" என்று ராசன் கேட்டான். "வாய்க்கு" என்றேன். தர்சிகா சிரித்தாள். அங்கே வறுத்த கச்சான் கடலைப் பொட்டலம் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டுதான் அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது.

"பை தூக்கின ஆள் எண்டு சொன்னீங்களோ அம்மம்மா?"

"சொன்னனான்."

அவள் கச்சானை உடைத்து உடைத்து என் கையில் போட்டுக்கொண்டு வந்தாள், தான் ஒன்றும் சாப்பிடவில்லை.

மாங்குளம் சந்தியில் 7.25. அங்கே பிளேன்ரீ குடித்துவிட்டு மேற்கே திரும்பினோம். மல்லாவிக் கடைத்தெரு வந்தபோது 8.05. ராசனின் ஓட்டோ கணக்கில் வீட்டிலிருந்து 46 கிலோமீற்றர்.

அண்ணன் வாசல் படலையிலேயே நின்றார். தர்சிகாவின் தலையைத் தடவினார். அண்ணனின் வாயில் இன்னும் மலைப் பேச்சுத்தான். "வா பாப்பா. உங்க அம்மம்மாவ உள்ள உக்காரச் சொல்லு" என்றார். நான் இரண்டு முழத் தூரத்தில் நிற்கிறேன். மருமகள் கதிரையை இழுத்துப் போட்டு, என்னைப் பார்த்துக் கண்ணால் பொறுத்துக்கொள்ளச் சொன்னாள். தேத்தண்ணி வந்தபோதும், "உங்க அம்மம்மாவுக்குச் சீனி போதுமான்னு கேளு." நானும் பேத்தியிடமே சொன்னேன், "போதுமெண்டு சொல்லு." ராசனுக்கு ஒன்றும் விளங்கவில்லை, இரண்டு பேருக்கும் காது கேளாது என்று நினைத்தானாம்.

வீட்டுக்குப் பின்னால் அண்ணனின் வயல். அறுத்து இரண்டு வாரம், நெல்லின் அடித்தாள் காய்ந்து நின்றது. மரத்தலைக் கம்பைத் தர்சிகா எடுத்துக் கொடுத்தபோது அண்ணன் அதை உடனே பிடிக்கவில்லை. சேட்டில் கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். கம்பின் தலையைத் திருப்பிப் பார்த்து, அதன் கழுத்தில் சுற்றின நூலை நகத்தால் தடவினார்.

"இதத்தான் பாப்பா நாங்க அடிச்சோம். நடுவுல பட்டா கையில ஒண்ணுமே தெரியாது. ஓரத்துல பட்டா பல்லு வரைக்கும் ஆடும்."

கோல்ப் அறியாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன். பழைய கம்பின் தலை ஒரு விளாம்பழம் அளவு, மரம். தண்டு இரும்பு. இப்போதைய கம்பின் தலை இரண்டு விளாம்பழத்தைச் சேர்த்து ஒட்டின அளவு, உள்ளே ஒன்றுமில்லாத கோறை, தண்டு கையில் கனமே இல்லை. தர்சிகா அதைக் காட்டியதும் அண்ணன், "இது கம்பா, பானையா? இதுல சோறாக்கலாமே" என்றார். பந்தும் மாறிவிட்டது. அண்ணன் காலத்துப் பந்துக்குள்ளே இறப்பர் நூல் சுற்றியிருக்கும், பிழையாக அடித்தால் தோல் வெட்டுப்பட்டு வாயைத் திறந்துவிடும். அப்படி வாய் திறந்ததைத் துரைமார் எறிவார்கள். அதுதான் பை தூக்குகிறவர்களின் பந்து.

தர்சிகா முதலில் பழைய கம்பால் அடித்தாள். கிண்ணம் வாங்கின பிள்ளை. பந்து வலது பக்கம் வளைந்து பனைகளுக்குள்ளே போய் விழுந்தது. அடுத்தது தரையோடு ஓடியது. மூன்றாவதுதான் எழும்பியது, அதுவும் நூற்றெழுபதோடு நின்றுவிட்டது. அவள் கம்பைப் பார்த்தாள், பிறகு அண்ணனைப் பார்த்தாள். "தாத்தா, இதாலயோ நீங்கள் இருநூற்று முப்பது அடிச்சனீங்கள்?"

"மலையில காத்து லேசு பாப்பா, பந்து கொஞ்சம் கூடப் போகும். அதையும் சொல்லிடணும்" என்றார் அண்ணன். அவருடைய நேர்மை இப்படித்தான், தனக்கு எதிரானதையும் தானே எடுத்து வைப்பார். அந்த ஆளைத்தான் நான் பொய்க்காரர் ஆக்கினேன்.

பிறகு அவள் தன்னுடைய கம்பால் அடித்தாள். சத்தமே வேறு, தகரத்தில் கல் பட்டது மாதிரி. பந்து வரம்புகளைத் தாண்டிப் போனது. ராசன் குடையைப் பிடித்துக்கொண்டு ஓடிப் பந்தடியில் நின்றான். தூரம் பார்க்கிற சிறு கறுப்புப் பெட்டியைக் கண்ணில் வைத்து, குடையைப் பார்த்து, "இருநூற்று ஆறு" என்றாள் தர்சிகா.

அண்ணன் பெட்டியை நம்பவில்லை. பை தூக்குகிறவருக்குத் தூரம் காலில் இருக்க வேண்டும், துரை கேட்டால் உடனே சொல்ல வேண்டும். ஒரு எட்டு ஒரு கெசம், அப்படிப் பழக்கின கால். தாளுக்குள்ளே எண்ணிக்கொண்டு நடந்தார். நடுவில் ஒரு தரமும் நிற்கவில்லை. குடையடியில் போய்க் கையைத் தூக்கினார். "இருநூத்தி இருபத்தாறு!"

"ஐயா, மிசின் இருநூற்று ஆறெண்டுது!" என்று ராசன் அங்கிருந்தே கத்தினான்.

"மிசினுக்குக் காலு இருக்கா?"

மறுபடியும் இருபது. தொலைபேசியில் எங்களைப் பிரித்த அதே இருபது.

"பிள்ளை, உந்தப் பெட்டி என்னத்தில அளக்குது?"

"மீற்றர், அம்மம்மா. அவுஸ்திரேலியாவில எல்லாம் மீற்றர்தான்."

நான் ஊருக்குள் சட்டை தைத்துக் கொடுக்கிறவள். அளவு நாடா எப்போதும் கைப்பையில் கிடக்கும். வரம்பில் உட்கார்ந்து விரித்தேன். ஒரு கெசம் முப்பத்தாறு அங்குலம். நாடாவைத் திருப்பினால் அந்த இடத்தில் தொண்ணூற்றொன்றும் கொஞ்சமும். நூறு வரைக்கும் மீதி இடத்தில் கையை வைத்துப் பார்த்தேன். நாலு விரலும் ஒரு நகமும். முந்திக் கடைகளில் கெசத்தில் துணி கிழித்தார்கள், இப்போது மீற்றரில் கிழிக்கிறார்கள். மீற்றர்த் துணியில் ஒரு கைப்பட்டி கூட வரும் என்று எனக்கு நாற்பது வருடமாகத் தெரியும். துணியில் தெரிந்தது பந்தில் தெரியாமல் போயிற்று. அவர் கெசத்தில் சொன்னார், நான் மீற்றரில் சொன்னேன், இரண்டு பேரும் அளவின் பெயரைச் சொல்லவில்லை.

அண்ணன் ராசனோடு திரும்பி வந்து என் முன்னால் நின்றார். நாடாவைப் பார்த்தார். பேத்தியைத் தேடாமல் நேரே என்னைக் கேட்டார்.

"அப்ப... பாக்கியம், பாப்பாவோட இருநூத்திப் பத்து எத்தன கெசம்?"

எட்டு மாதத்துக்குப் பிறகு என் பெயர். எனக்குக் கணக்கு வரவில்லை. ராசன் தொலைபேசியில் தட்டிப் பார்த்தான். "இருநூற்று இருபத்தொன்பதும் சொச்சமும், ஐயா."

"சொச்சத்தை ஏன் விடுற? முப்பதுன்னு வச்சுக்க. ரெண்டு பேரும் ஒண்ணுதான்."

"அண்ணே, நான் அண்டைக்குச் சொன்னது பிழை" என்றேன்.

"என்னா பிழை? பை தூக்கினவன்தானே நான்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் கூட வலித்தது.

தர்சிகா கோல்ப் பையைத் தூக்கித் தோளில் போட்டாள். "தாத்தா, பந்து அங்க கிடக்கு. நடவுங்கோ. இண்டைக்குப் பை என்ர வேலை."

அண்ணன் நடந்தார். முதல் கொஞ்சத் தூரம் கைகளை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. பின்னால் கட்டினார், விட்டார். வலது தோள் மட்டும் பழக்கத்தில் சாய்ந்தே போனது. பந்தடியில் நின்று பின்னால் கையை நீட்டினார், திரும்பிப் பார்க்காமல், துரைமார் நீட்டுவது மாதிரி. தர்சிகா புதுக் கம்பை அந்தக் கையில் வைத்தாள். முதல் அடி மண்ணில். இரண்டாவது அடி நேராக எழும்பிப் பனை உயரத்தில் போனது. நூற்று நாற்பத்திரண்டு எட்டு, நாற்பது வருடத்துக்கு மேல் கம்பு பிடிக்காத கை. "தப்பா அடிச்சாலும் போகுதே, கள்ளக் கம்பு!" என்றார். அந்தக் காலமோ இந்தக் காலமோ என்று தர்சிகா பிறகு கேட்கவில்லை. பழைய கம்பின் நடுவில் பந்தை எப்படிப் படவைப்பது என்றுதான் கேட்டாள். அண்ணன் பதிலுக்கு இந்தப் பானையை எங்கே வாங்கலாம் என்று கேட்டார்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு 2.30க்குப் புறப்பட்டு 4.40க்கு வீடு வந்தோம். மரத்தலைக் கம்பு மல்லாவியில் நின்றுவிட்டது.

இந்தப் பக்கம் வர நினைக்கிறவர்களுக்குச் சில விசயம். பஸ்ஸில் வருவதென்றால் மாங்குளத்தில் இறங்கி மல்லாவி பஸ் எடுக்க வேண்டும், ஞாயிறுகளில் பஸ் குறைவு, ஓட்டோ வசதி. ஒன்பதரைக்குப் பிறகு வயலில் நிற்க முடியாது, தொப்பியும் தண்ணீரும் வேண்டும். வயலில் அடிக்கிற எண்ணம் இருந்தால் அறுவடை முடிந்து உழுவதற்கு முன் வாருங்கள், வயல்காரரைக் கேட்டுவிட்டு அடியுங்கள், மாடு நிற்கிற பக்கம் வேண்டாம். எங்களுடைய பதினொரு பந்தில் மூன்று இன்னும் பனைகளுக்குள் கிடக்கின்றன, கண்டெடுக்கிறவர் அண்ணனிடம் கொடுத்துவிடுங்கள். எவரிடமும் எந்த எண்ணைச் சொன்னாலும் அது என்ன அளவு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தொலைபேசியில் கட்டாயம்.

தர்சிகா, இது உனக்கு. கிண்ணத்தோடு நிற்கிற உன் படம் நல்ல படம், ஊரில் எல்லாரும் பார்த்தாயிற்று. அதை எடுத்துவிட்டு ராசன் எடுத்த படத்தைப் போடு. அண்ணன் கையில் கம்பு, உன் தோளில் பை, பின்னால் வயல். அடியில் யார் யார் என்று எழுதுவாய்தானே. இப்படி எழுது: விளையாடுகிறவர் மாணிக்கம், பை தூக்குகிறவர் தர்சிகா. கெதியாய்ப் போடு பிள்ளை, மல்லாவியில் அண்ணன் பார்த்துக்கொண்டிருக்கிறார்.