எஸ்தர் சொல்லாமல் விட்ட மாத்திரை

போன ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் என் இடது கால் வீங்கியது. தி.நகரில் ஒரு ஜவுளிக் கடையில் புடவைப் பிரிவில் வேலை எனக்கு. நாள் முழுக்க நிற்க வேண்டும். உடம்பும் பருமன். ஸ்கேன் எடுத்து, காலில் ரத்தக்கட்டி என்றார்கள். நுரையீரலுக்கு ஏறினால் உயிருக்கே ஆபத்தாம். தினமும் மாத்திரை. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோதும் கட்டி இருந்தது.

பக்கத்துக் கவுன்ட்டர் எஸ்தர் எங்கள் சபைதான். அவளுக்கும் முன்பு இதே வியாதி. உபவாசம் இருந்தாள், இளைத்தாள், கட்டி கரைந்தது. ஞாயிறு ஆராதனையில் அதைச் சாட்சியாகச் சொன்னபோது எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். வயிறு எரிந்தது.

சேலையைத் தோளில் போட்டுக் காட்ட மேனேஜர் இப்போது அவளைத்தான் கூப்பிடுவார். போதகரும் அவளைத்தான் முதலில் விசாரிப்பார். "ஆண்டவரே, அவளுக்குச் செய்தீரே, எனக்கு ஏன் செய்யவில்லை?" என்று அழுதேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அவளுக்குக் கட்டி திரும்ப வரட்டும் என்றும் ஒருநாள் ஜெபித்தேன்.

அவளை மிஞ்ச நினைத்து மூன்று நாள் உபவாசம் தொடங்கினேன். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அவள் சாட்சியில் மாத்திரைப் பேச்சே இல்லை. மாத்திரை போட்டால் விசுவாசம் இல்லை என்றாகிவிடும் என்று அதையும் நிறுத்தினேன்.

மூன்றாம் நாள் மதியம் கடையில் நெஞ்சு குத்தியது. மூச்சு வரவில்லை. அப்படியே சரிந்தேன். முதலில் ஓடி வந்தவள் எஸ்தர்.

"இன்னாடி கலா, இப்டி வேர்த்துக் கொட்டுது? மாத்திர போட்டியா?"

"இல்ல... நிறுத்திட்டேன். உன்ன மாதிரிதான்."

அவள் முகம் வெளுத்துவிட்டது.

ஆஸ்பத்திரிக்குப் போன ஆட்டோ பனகல் பார்க் பக்கம் நெரிசலில் நின்றது. எஸ்தர் வெளியே தலையை நீட்டி, "வழி உடுங்கப்பா, உசுரு போவுது!" என்று கத்தினாள். அவள் மடியில் கிடந்த நான், "ஆண்டவரே மன்னியும், என் மகளை இன்னொரு தடவை பார்க்க விடும்" என்று மட்டும் கேட்டேன்.

கட்டி நுரையீரலுக்கு ஏறியிருந்தது. இன்னும் தாமதித்திருந்தால் நான் இல்லை.

பிழைத்த பிறகு டாக்டரம்மா விளக்கினார்: "மாத்திரை கட்டி வளராம தடுக்கும். கரைக்கறது உங்க உடம்புதாம்மா. எடை அதிகமா இருந்தா அந்தக் கரைக்கற சக்திக்குத் தடை கூடும். நிதானமா எடை குறைஞ்சா தடையும் குறையும். அதுக்காகத் தண்ணியில்லாம கெடந்தா ரத்தம் கெட்டியாயிடும்."

எஸ்தர் என் கட்டிலருகே அழுதாள். "நான் ஒரு நாள்கூட மாத்திரய உடல, கலா. டாக்டர கேட்டுத்தான் உபவாசம் இருந்தேன். தண்ணியும் குடிச்சேன். சபையில அத சொன்னா யார் கைதட்டுவாங்கன்னு உட்டுட்டேன்."

நான் அவளுக்கு எதிராக ஜெபித்ததைச் சொன்னேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு என் தலையை வாரிவிட்டாள்.

அதன்பின் மாத்திரையோடு, டாக்டர் சொன்ன அளவில் சாப்பாட்டைக் குறைத்து, மெல்ல இளைத்தேன். போன மாத ஸ்கேனில் கட்டி இல்லை. என் மகளோடு முழங்கால் போட்டு நன்றி சொன்னேன்.

இன்றும் சில நாள் எஸ்தரைப் பார்த்தால் எரிகிறது. அந்த நாள்களில் அவள் நன்றாக இருக்கட்டும் என்று பெயரைச் சொல்லி ஜெபிக்கிறேன். பிரியமானவர்களே, வியாதியில் இருந்தால் மருந்தை விடாமல் ஜெபியுங்கள். மனதில் பொறாமை இருந்தால் அதையும் மறைக்காமல் ஆண்டவரிடம் சொல்லுங்கள். என் அசிங்கமான ஜெபத்தைக் கேட்டும், என்னைக் காப்பாற்ற அவளையே அனுப்பினார்.