நானூறு ஒமுர்சாக்குகள்

ஒமுர்சாக்கைப் பற்றிக் கெட்டதாகச் சொல்ல ஒன்றுமில்லை, அவன் வாயைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். எங்கள் நாரின் மலையில் விருந்தாளி முன்னால் குறை சொல்வது வெட்கக்கேடு. அதில் அவன் எங்கள் எல்லோரையும் மிஞ்சியவன். கூடாரத்தின் மேல்கம்பளி காற்றில் பறந்துபோன அன்றைக்கு வந்தவரிடம், "வெளிச்சமா இருக்கட்டும்னு நான்தான் கழட்டினேன்" என்றானே, அந்த ஆள்.

அவன் மனைவி ஷார்கானுக்கு நெஞ்சு பலவீனம். வறட்டிப் புகை இனிமேல் ஆகவே ஆகாது, மின்சார ஹீட்டர் வையுங்கள் என்று டாக்டர் கண்டித்துச் சொல்லிவிட்டார். அவனும் வாங்கி வைத்தான். ஆனால் எங்கள் ஊர் டிரான்ஸ்பார்மர் கிழடு. ஜனவரியில் எண்பது வீட்டிலும் ஹீட்டரைப் போட்டால் டப்பென்று உயிரை விட்டுவிடும். மறுபடி வறட்டி, புகை, விடிய விடிய இருமல். புது டிரான்ஸ்பார்மர் வேண்டும் என்று முதலில் கேட்டுப் போனவனே ஒமுர்சாக்தான்.

விசாரிக்கத் தலைநகர் பிஷ்கேக்கிலிருந்து நூர்சாதா வந்தாள். மின்சாரத் திட்டம் போடும் அலுவலகத்துப் பெண். நல்ல பெண்தான், ஆனால் வந்தது ஜூலையில். ஜூலையில் எங்கள் ஊரில் நாய்கூட இருக்காது. ஆடு, குதிரை, பிள்ளைகுட்டியோடு மேய்ச்சல் மலையில் இருப்போம். பாவம், மலையேறி வந்தாள். முதல் கூடாரமே ஒமுர்சாக்குடையது. கிடா வெட்டினான். கொழுத்த வால்பகுதியை அவள் தட்டில் வைத்தான். புளித்த குதிரைப்பாலை ஊற்றிக்கொண்டே இருந்தான். அடுத்த கூடாரத்துக்கு எழுந்து போகிற நிலையில் அவள் இல்லை.

"பனிக்காலத்துல வீடு குளிருமாண்ணே?" என்று கேட்டாள்.

"குளிரா? நம்ம வீட்லயா? ஜனவரியில பனியனோட உக்காந்திருப்போம்மா!"

ஷார்கான் பின்னாலிருந்து அவன் தொடையைக் கிள்ளினாள்.

"கரண்டு பத்துதா?"

"மிச்சமே கெடக்கு. வேணும்னா நீ கொஞ்சம் கொண்டு போ."

நுணலும் தன் வாயால் கெடும். இவன் ஊரையும் சேர்த்துக் கெடுத்தான்.

தகவல் குறைவாக இருந்தால் அந்த அலுவலகத்தில் ஒரு வித்தை செய்வார்கள். ஜூலை மாத மீட்டர் கணக்கு எடுத்தார்கள், ஒன்றுமில்லை. ராத்திரியில் வானத்திலிருந்து பிடித்த படம் எடுத்தார்கள், ஒரே இருட்டு. ஒமுர்சாக்கின் பதிலையும் எடுத்தார்கள். மூன்றையும் ஒன்றாகக் கோத்து, அதே சாயலில் கணிப்பொறிக்குள் நானூறு குடும்பங்களை உண்டாக்கிவிட்டார்கள். சுமக்கவும் இல்லை, தொட்டில் கட்டவும் இல்லை. அந்தக் குடும்பங்களை இருபது பனிக்காலம் வாழவைத்தும் பார்த்தார்களாம். ஒரு குடும்பம்கூட முனகவில்லை. டிரான்ஸ்பார்மர் பக்கத்துப் பள்ளத்தாக்குக்கு என்று முடிவாயிற்று.

ஒமுர்சாக் கோபத்தில் குதித்துக்கொண்டு பிஷ்கேக் போனான். துணைக்கு என்னையும் இழுத்துப் போனான். நூர்சாதா அந்தக் குடும்பங்களைத் திரையில் புள்ளி புள்ளியாகக் காட்டினாள்.

"எங்க ஊர்ல எண்பது வீடுதாம்மா. இதெல்லாம் யாரு?"

"இவங்க நெஜத்துல இல்லண்ணே. நாங்க உண்டாக்கினது."

"யாரு மாதிரி உண்டாக்கினீங்க?"

"உங்கள மாதிரிதான்."

சண்டை போடப் போனவன் அப்படியே உருகிவிட்டான். என்னைத் திரும்பி வேறு பார்த்தான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அங்கேயே அவன் தொப்பியைப் பிடுங்கி எறிந்திருப்பேன். நான்தான் அவளிடம் கெஞ்சினேன். ஜனவரியில் ஒரு தடவை வந்து பார்க்கிறேன் என்று ஒப்புக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் பெருமையாகச் சொன்னான்: "அங்க நானூறு ஒமுர்சாக் இருக்கான்டி!"

"ஒண்ணையே தாங்க முடியல" என்றாள் ஷார்கான்.

ஜனவரியில் நூர்சாதா வந்தாள். முந்தின நாள்தான் டிரான்ஸ்பார்மர் போயிருந்தது. இதைவிட நல்ல சகுனம் உண்டா? இவன் என்ன செய்தான் தெரியுமா? விருந்தாளி நடுங்கக்கூடாதே என்று அடுப்பு நிறைய வறட்டியைத் திணித்துக் கொளுத்தி வைத்திருந்தான். அறை கதகதவென்று இருந்தது. நூர்சாதா கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். ஷார்கான் மூலையில் தலைத்துணி முனையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினாள்.

"அக்காவுக்கு உடம்பு சரியில்லையா?"

"அது டீ புரையேறிடுச்சும்மா" என்றான் ஒமுர்சாக்.

"வீடு குளிருதாண்ணே?"

"குளிரா..." என்று ஆரம்பித்தான்.

ஷார்கான் எழுந்தாள். தேநீர்க் கெண்டியை எடுத்து அப்படியே அடுப்புக்குள் கவிழ்த்தாள். புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. கதவை அகலத் திறந்தாள். மலைப் பனி முழுசாக உள்ளே வந்தது.

"இப்ப எழுதிக்கோம்மா. குளிருது. ஒவ்வொரு வருஷமும் குளிருது. புகையில நான் செத்துக்கிட்டிருக்கேன். இந்த மனுஷன் சொன்னது அத்தனையும் பொய்."

விருந்தாளி முன்னால் அந்த வீட்டில் அப்படி ஒரு பேச்சு எழுந்ததே இல்லை. ஒமுர்சாக் தொப்பியை முகத்துக்கு இழுத்துக்கொண்டான். நூர்சாதா கோட்டை மாட்டிக்கொண்டு, விறைத்த விரலால் எழுதினாள். அவள் ஊர் போய்ச் சேர்ந்ததும், கணிப்பொறிக்குள் பனியனோடு உட்கார்ந்திருந்த நானூறு குடும்பமும் ஒன்றாக நடுங்கத் தொடங்கின.

அடுத்த பனிக்கு முன்னால் புது டிரான்ஸ்பார்மர் வந்துவிட்டது. அது வருகிறவரைக்கும் ஒமுர்சாக் மனைவியோடு சரியாகப் பேசவில்லை. வந்த பிறகு ஒருநாள் அவன் வீட்டு ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். வெளியூர் விருந்தாளி ஒருவர், இவ்வளவு பெரிய டிரான்ஸ்பார்மர் உங்கள் ஊருக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்டார்.

"நான்தான். முகத்துக்கு நேரா சொன்னேன், குளிருதுன்னு!"

ஷார்கான் விழுந்து விழுந்து சிரித்தாள். நெடுநேரம் சிரித்தாள், ஒரு தடவைகூட இருமவில்லை.