முள் கருக்கிய கள்ளி

தில்லியில் ஜனவரி. மீட்கப்பட்ட விலங்குகளைப் பராமரிக்கும் இந்தக் கொட்டகைக்குள்ளும் மூச்சு புகையாக வருகிறது. யாரோ ஒரு புண்ணியவான் சூட்கேஸில் அடைத்து ரயிலில் கடத்திவந்த நட்சத்திர ஆமை, சிவப்பு பல்புக்குக் கீழே தலையை உள்ளிழுத்துக் கிடக்கிறது. பத்து நாளாகத் தக்காளி, வெள்ளரி எதையும் தொடவில்லை. உடம்பு தேறினால்தான் தெற்கே காட்டுக்கு அனுப்புவார்களாம்.

இங்கே கூட்டிப் பெருக்கும் செல்வி விழுப்புரத்துக்காரர். கேஸ் அடுப்பில் சப்பாத்திக்கள்ளி மடல் ஒன்றைத் திருப்பித் திருப்பி முள்ளைக் கருக்குகிறார்.

"இது எங்க கிடைச்சுதுக்கா?" என்று கேட்கிறேன்.

"ஒரு பங்களா வாசல்ல அழகுக்கு வெச்சிருக்காங்க. செக்யூரிட்டி பையாவைக் கேட்டு வாங்கிட்டு வந்தேன். எங்க பக்கம் ஆமைங்க வேலியோரத்துல இதைத்தான் தின்னும்."

ஆமையை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் விட்டு, துடைத்து, மடலை முன்னால் வைக்கிறார். நாங்கள் இரண்டடி தள்ளி நிற்கிறோம். கழுத்து மெல்ல நீள்கிறது. ஒரு கடி. பிறகு இன்னொன்று.

செல்வி போனில் டாக்டரிடம், ஆமை சாப்பிடுகிறது என்று இந்தியில் இரண்டு முறை சொல்கிறார்.

"அப்போ இது ஊருக்குப் போயிடுமா?"

"குளிர் விட்டதும் போயிடும். பொங்கலுக்கு நான் போட்ட டிக்கெட்டுதான் இன்னும் வெயிட்டிங் லிஸ்ட்."