தேசம்மா அக்காவின் இடது கால்

தேசம்மா அக்கா இறந்துவிட்டார். இன்று காலை மார்க்கெட்டில் மீன் விற்றுக்கொண்டிருக்கும்போதே நெஞ்சு வலி... ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது.

காசிமேட்டில் மீன் வாங்குகிறவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். இறாலும் கடம்பாவும் விற்பார். எனக்குப் பழக்கம் அங்கே இல்லை, தண்டையார்பேட்டையில் ஒரு கிளினிக்கின் டிரெஸ்ஸிங் ரூமில்.

சாயங்காலம் ராயபுரம் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வழக்கப்படி கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அந்த இடது கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு நின்றேன். அது அவரோடு கடைசி வரை இருந்ததே பெரிய விஷயம்.

நான் ஹார்பரில் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறவன். சுகர். இடது பாதத்தில் ஒரு புண், மாதக்கணக்கில் ஆறவே இல்லை. அக்காவுக்கும் சுகர், அவருக்கும் இடது பாதம். கட்டைவிரலுக்கு அடியில் குழி மாதிரி.

செருப்புக்குள் ஒரு நண்டு ஓடு போய் நாள் முழுக்கக் குத்திக்கொண்டு இருந்திருக்கிறது. உணர்ச்சி செத்த கால்... தெரியவில்லை. அப்புறம் அழுகியதும் தெரியவில்லை. "நானே மீன் வாடை நைனா. அதுல எது இன்னா வாடைன்னு யாரு கண்டா?" என்பார். மருமகள்தான் கண்டுபிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

முதலில் பார்த்த இடத்தில் விரலை எடுத்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். எங்கள் கிளினிக் டாக்டர் எக்ஸ்ரே எடுத்தார், காலுக்கு ரத்த ஓட்டம் எப்படி என்று சோதித்தார். எலும்புக்குப் போகவில்லை, முயற்சி செய்து பார்க்கலாம் என்றார். செத்த சதையை எல்லாம் சுத்தம் செய்துவிட்டு, கிருமியைக் கொல்கிற, வெள்ளி கலந்த டிரெஸ்ஸிங் வைத்தார்கள். தினமும் பிரிக்கக் கூடாது.

"வெள்ளிக் கொலுசு போட்ட காலுதானே சிஸ்டர் இது. அப்போ புண்ணே வந்திருக்கக் கூடாதே?" என்று கேட்டார் அக்கா. சிஸ்டர் சிரித்துவிட்டார்.

ஆனால் கண்டிஷன் பெரிசு. இடது காலை ஊன்றவே கூடாது. ஐஸ் தண்ணியில் நிற்கக் கூடாது. அதாவது, மார்க்கெட்டுக்குப் போகக் கூடாது.

விரலை எடுக்கணும் என்றபோது அழாத அக்கா அதற்குத்தான் அழுதார். மார்க்கெட்டில் ஒரு இடம் காலியாகக் கிடந்தால் வேறு ஆள் உட்கார்ந்துவிடும். அப்புறம் எழுப்ப முடியாது.

பக்கத்தில் கடை போடுகிறவர் கௌரி. வருஷக்கணக்கில் இரண்டு பேருக்கும் ஆகாது, கஸ்டமரை இழுத்துக்கொண்டதில் வந்த சண்டை. அந்த கௌரி விஷயம் கேள்விப்பட்டு அக்கா வீட்டுக்கு வந்து நின்றிருக்கிறார்.

"உன் கூடைய குடு. உன் எடத்துல வச்சிக்கிறேன். எவ வந்து குந்துறான்னு பாக்குறேன்."

"நீ எதுக்குடி இத செய்றே?"

"உன்னாண்ட சண்ட போட்டே பழகிட்டேன். புதுசா ஒருத்தியாண்ட என்னால ஆவாது."

அக்கா திரும்பிப் போகிற வரைக்கும் அந்தக் கூடை அங்கேயே இருந்தது.

முதல் டிரெஸ்ஸிங்கைப் பிரித்த அன்று நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். பிரித்தால் புண்ணைச் சுற்றிச் சாம்பல் கலரில் கறுத்துக் கிடக்கிறது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "போச்சி நைனா. கறுத்துப் போச்சி. எட்துருவாங்க."

"அது வெள்ளியோட கறைம்மா," என்று சொல்லிக்கொண்டே சிஸ்டர் உப்புத் தண்ணீர் ஊற்றித் துடைத்தார். உள்ளே சதை நல்ல சிவப்பு.

"செவப்பா கீதா நைனா? நீ பாத்து சொல்லு." அவர் பார்க்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"செவப்பாத்தான் கீதுக்கா."

அவருக்கு மெதுவாக ஆறி மூடிவிட்டது. எனக்கு ஆறவில்லை. அதே டிரெஸ்ஸிங்தான். ஆனால் என் புண் எலும்புக்குள் இறங்கிவிட்டிருந்தது, அதற்கு மேலே என்ன வைத்தாலும் போதாது என்றார் டாக்டர். இரண்டு விரலை எடுத்தார்கள்.

அதற்குப் பிறகு நான் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. வேலைக்குக் கூப்பிட்டவர்களின் போனை எடுக்கவில்லை. செருப்பைப் பார்த்தாலே எரிச்சல்.

ஒரு நாள் அக்கா ஷேர் ஆட்டோ பிடித்து வந்துவிட்டார். காலில் சுகர்காரர்களுக்குக் கொடுக்கிற எம்.சி.ஆர். செருப்பு. வாசலிலேயே நின்றுகொண்டு, "வா நைனா, டீ குடிச்சிட்டு வருவோம்" என்றார்.

"கால் போச்சுக்கா. எங்க வர்றது?"

"ரெண்டு வெரலுதான் போச்சி. காலு கீதுல்ல? எனக்கு ஆறிச்சி, உனக்கு ஆறல. அதுக்கு நான் இன்னா பண்ணுவேன், நீதான் இன்னா பண்ணுவே? எந்திரி."

தெருமுனை டீக்கடை வரைக்கும் நடந்தோம். அவர் கையைக் கொடுக்கவில்லை, பக்கத்தில் என் வேகத்துக்கே வந்தார். சர்க்கரை இல்லாத டீ. அதைக் கடைக்காரரிடம் திட்டிக்கொண்டே குடித்தார்.

கொஞ்ச நாளில் வண்டி எடுத்துவிட்டேன். இப்போதும் அதே ஹார்பர் லைன்தான் ஓட்டுகிறேன்.

நாளை காலை ராயபுரம் வீட்டிலிருந்து மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்கு எடுக்கிறார்கள். அக்காவைத் தெரிந்தவர்கள் வாருங்கள்.

கால் சரியில்லாதவர்களுக்கு வேன் இருக்கிறது, அதில் ஏறிக்கொள்ளுங்கள் என்று மருமகள் சொன்னாள். வேண்டாம் என்றேன்.

நடந்தே வர்றேன்க்கா. மெதுவாத்தான் வருவேன்...