கார்த்திகையில் சிங்கப்பூர்

கணவருக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்ததிலிருந்து, நானும் மகளும் எந்த மாதம் அங்கே போவது என்று முடிவு செய்ய முடியாமல் தவிக்கிறேன். டிசம்பரில் குளிர் கொல்லும். ஏப்ரலில் காற்றில் மகரந்தம் பறக்குமாம். குழந்தைக்கு ஏற்கெனவே சளி. ஜூலைதான் நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எல்லோரும் சொல்வதாலேயே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. அம்மாவிடம் கேட்டால், "வானத்தப் பாத்துக்கினு இருந்தா வெளிநாடு போன மாதிரிதான்" என்று சிரிக்கிறாள். அப்படிச் சிரிக்க அவளுக்கு உரிமை உண்டு. அவள் வெளிநாடு போகத் தேர்ந்தெடுத்த சீசனை எங்கள் ஊரான நைனார்பாளையத்தில் வேறு யாரும் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார்கள்.

அப்போது நான் நான்காம் வகுப்பு. அம்மாவின் தங்கை, என் சித்தி, கல்யாணமாகி சிங்கப்பூரில் இருந்தாள். அம்மாவும் நானும் ஒருமுறை வந்து போகவேண்டும் என்று சித்தப்பா போனில் அழைத்தார். எங்கள் தெருவில் அதுவரை யாரும் ஊர் பார்க்க விமானம் ஏறியதில்லை. வேலைக்குப் போனவர்கள் உண்டு, அது வேறு. நான் மறுநாளே பள்ளியில் சொல்லிவிட்டேன். மாதம்தான் முடிவாகவில்லை.

எனக்கு மே மாதம் வேண்டும், பள்ளி விடுமுறை. அப்பாவுக்கு கார்த்திகையைத் தவிர எதுவானாலும் சரி. கார்த்திகையில் எங்கள் கரும்புக்கு ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வரும். வெட்டும் ஆட்களுக்கு அம்மாதான் சோறு பொங்கவேண்டும். துபாயில் சில காலம் வண்டி ஓட்டிவிட்டு வந்திருந்த பெரியப்பா, உலகத்து வானிலை முழுவதும் தனக்கு அத்துப்படி என்று நம்பியவர். தை பிறந்தபின் போகச் சொன்னார்.

அம்மா கார்த்திகை என்றாள். காரணம் கேட்டபோது என்னைக் காட்டினாள். "இவளுக்கு வெயில் ஆவாதுங்க."

சித்திரை வெயிலில் நுங்கு வண்டி உருட்டிக்கொண்டு ஊரைச் சுற்றியவள் நான். எனக்கே வியப்பாக இருந்தது.

"கார்த்திகைல அங்க மழை ஊத்துமேம்மா" என்றார் பெரியப்பா. "மழையப் பாக்க பிளேன் ஏறிப் போறவ நீ ஒருத்திதான். இங்க பேயற மழை கம்மியாப் போச்சா?"

"அந்த மழையும் எப்டி இருக்குதுன்னு பாத்துட்டு வரோம்" என்றாள் அம்மா. அதோடு எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டாள்.

வாரக்கணக்கில் இது நடந்தது. அப்பா கோபித்தார், ஒரு வேளை சாப்பிடாமல்கூட இருந்தார். அம்மா அசையவில்லை. பொதுவாக, குழம்புக்குப் புளியா தக்காளியா என்பதைக்கூட அப்பாவைக் கேட்டுச் செய்கிறவள். அவள் வீட்டையே எதிர்த்து நின்றதைப் பார்க்க, மே மாதம் கைவிட்டுப் போன வருத்தத்தையும் மீறி எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆவணியில் ஒரு நாள் அம்மா கல்வராயன் மலைக்குப் போகவேண்டும் என்றாள். அப்பா எங்கள் இருவரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வெள்ளிமலைக்குப் போனார். அங்கே சாலையோரம் சாமையும் தேனும் விற்கும் ஓர் அக்கா அம்மாவுக்குப் பழக்கம். அம்மா தேன் வாங்கினாள். திப்பிலி கேட்டாள். சுக்கும் கேட்டாள். அந்த அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"லேகியம் கிண்டவா? யாரு வூட்டுல பிள்ள பொறக்கப் போவுது?"

"யாருக்கும் இல்லக்கா. எனக்குத்தான் இடுப்பு வலி" என்றாள் அம்மா, என்னைப் பார்க்காமல்.

சற்றுத் தள்ளி அப்பா வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார். மலையிலிருந்து இறங்கும்போது அம்மாவின் பையை அவரே வாங்கி வண்டியின் முன்னால் மாட்டிக்கொண்டார். எனக்குக் காது அடைத்திருந்தது.

அந்த வாரமே அப்பா ஆலைக்குப் போய், தன் கரும்பைத் தைக்குத் தள்ளிப்போடும்படி கேட்டுவிட்டு வந்தார். வயலில் நிற்க நிற்கக் கரும்பு காய்ந்து எடை குறையும். பெரியப்பா விடவில்லை. "பொண்டாட்டி மழை பாக்கப் போறா, இவன் கரும்பக் காய வுடுறான். நல்ல ஜோடிடா" என்றார். அப்பா சிரித்துக்கொண்டார். அம்மா ஜெயித்துவிட்டாள் என்று மட்டும் எனக்குப் புரிந்தது.

கிளம்பும் நாளில் உளுந்தூர்பேட்டை வரை அப்பா வந்தார். சென்னை பஸ்ஸுக்கு நிற்கும்போது, அம்மா தண்ணீர் பாட்டில் வாங்கப் போன நேரம் பார்த்து, என் பையில் ஒரு பொட்டலத்தைத் திணித்தார். "சித்தி கைல குடு. அம்மா கேட்டா பிஸ்கட்டுன்னு சொல்லு."

சிங்கப்பூரில் மழை ஊற்றியது. பெரியப்பா சொன்னது சரிதான். சித்தி கதவைத் திறந்தபோது வயிறு முன்னால் வந்தது, அவள் பின்னால் வந்தாள். அம்மா அவள் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி வாசலிலேயே நின்றுவிட்டாள். நான் பொட்டலத்தை நீட்டினேன். உள்ளே அப்பாவின் பழைய வேட்டி, துவைத்துத் துவைத்துப் பூப்போல ஆனது, சிறு சிறு துண்டுகளாகக் கிழித்து மடித்திருந்தது. ஒரு முனையில் வசம்பு முடிந்திருந்தது.

"யாருடி குடுத்தது?" என்றாள் அம்மா.

"அப்பா."

அம்மா அந்த வேட்டித் துண்டை முகத்தில் வைத்துக்கொண்டாள். "இந்த மனுசன்" என்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

சித்திக்கு முன்பு இரண்டு முறை கரு தங்காமல் போனதும், இரண்டு முறையும் ஊருக்கே சொல்லிச் சந்தோஷப்பட்டிருந்ததும், இந்த முறை பிள்ளை கைக்கு வரும்வரை யாரிடமும் சொல்லக்கூடாது என்று அவள் அம்மாவிடம் சத்தியம் வாங்கியிருந்ததும் பின்னாளில் தெரிந்தவை. தாயில்லாத தங்கைக்கு அம்மா தாயாகப் போயிருந்தாள். தம்பி பிறந்ததைப் போனில் சொன்னபோது அப்பா, "அப்டியா! நெசமாவா?" என்று அப்போதுதான் கேள்விப்படுகிறவர்போலக் கேட்டாராம்.

நான் சிங்கப்பூரில் எதையும் பார்க்கவில்லை. மழையையும், பூண்டு உரிக்கும் அம்மாவையும், வசம்பு கட்டிய ஒரு குட்டிக் கையையும் பார்த்தேன். ஊர் திரும்பியதும் வகுப்பில் டீச்சர் என்னை எழுப்பி, சிங்கப்பூர் போக எந்த சீசன் நல்லது என்று கேட்டார். கார்த்திகை என்று உரக்கச் சொன்னேன். அன்று மாலை, பெரியப்பாவும் இருக்கும்போது, அதற்கான காரணத்தையும் வீட்டில் விளக்கினேன்.

"நாங்க கார்த்திகைல போனதாலதான் தம்பி அப்பப் பொறந்தான். மே மாசம் போயிருந்தா பொறந்திருக்கவே மாட்டான். எங்கம்மாவுக்குத்தான் நல்ல சீசன் தெரியும்."

பெரியப்பா வாயைத் திறந்தார். அப்பா முந்திக்கொண்டு, "ஆமாமா, கரெக்டு" என்றார். அம்மா குனிந்து மறுபடியும் பூண்டு உரிக்க ஆரம்பித்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் ஏன் அப்படிச் சிரித்தார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. நான் சொன்னது சரி என்பதால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.