மாட்டு டாக்டர் மேஜையில் தட்டம்மை ஊசி

ஊர்ச் சுகாதார நிலையத்தில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் நர்ஸ் விசித்தாசியோனுக்கு அந்த வசந்தத்தில் வேலையே இல்லாமல் போயிற்று. ஸ்பெயின் முழுக்க ஊரடங்கு. நாயை உலாவக் கூட்டிப்போகலாம், பிள்ளையைக் கூட்டிப்போகக் கூடாது. ஊசிக்கென்றால் விடுவார்கள்தான்; ஆனால் கொரோனா பயத்தில் எந்தத் தாயும் நிலையத்தின் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. தட்டம்மை மருந்து குளிர்பெட்டியில் கிடக்க, அவள் போனும் கையுமாக ஒவ்வொருத்தியிடமும் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

“அங்கே எல்லாரும் இருமிட்டு உட்கார்ந்திருப்பாங்க. நான் வரமாட்டேன் விசி அக்கா,” என்றாள் ரொட்டிக்கடை நியேவெஸ். அவள் மகன் லியாந்த்ரோவுக்கு ஒரு வயது முடிந்து, ஊசிக்கு நாள் வந்திருந்தது.

அன்று வீடு திரும்பும் வழியில் மாட்டு டாக்டர் ஃபெர்மின் வாசலில் நீண்ட வரிசை. ஆளுக்கொரு நாய். நடுவே நியேவெஸ்.

“இங்கே என்னடி பண்றே?”

“நாய்க்கு வெறிநோய் ஊசி போடணும் அக்கா. தேதி தவறிடக் கூடாதில்ல?”

விசிக்குச் சுருக்கென்றது. “நாய்க்குத் தவறக் கூடாது, பிள்ளைக்குத் தவறலாமா?”

“இங்கே கொரோனா இல்லையே. வர்றதெல்லாம் நாய்தானே.”

“நாய் என்ன தனியாவா வந்து நிக்குது?”

“இங்கே போடுறதுன்னா சொல்லுங்க, நாளைக்கே பிள்ளையைத் தூக்கிட்டு வர்றேன்.”

விசி நேரே உள்ளே போய் மேஜையை இரவல் கேட்டாள். ஃபெர்மின் யோசித்தார். “குழந்தைங்களா? கடிக்குமா?”

மறுநாள் ஐஸ் பெட்டியோடு வந்து, நாய்முடியைத் துடைத்துக் கழுவி, விசி கடை விரித்தாள். நியேவெஸைத் தெருமுனையில் காவலர் எலாதியோ மறித்தார்.

“பிள்ளையோட எங்கேம்மா?”

“மாட்டு டாக்டர்கிட்ட.”

“நாய் எங்கே?”

“நாய்க்கு நேத்தே போட்டாச்சு சார். இவனுக்குத்தான் இன்னைக்கு.”

எலாதியோ தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பின்னாலேயே வந்து எட்டிப் பார்த்தார். மேஜைமேல் லியாந்த்ரோ வீறிட, தெருவில் நின்ற நாய்களெல்லாம் சேர்ந்து ஊளையிட்டன. சற்று நேரத்தில் எலாதியோவே தன் மகளையும் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றார், சீருடையோடு.

விஷயம் மேலிடத்துக்கு எட்டியது. “நாய் மேஜையிலா போட்டீங்க?” என்று அதிகாரி போனில் கத்தினார்.

“ஆமா சார். அங்கேதான் வந்தாங்க. வேற இடம் காட்டுங்க.”

திட்டி முடித்தபின், நிலையத்தின் பின்கட்டில் தெருவைப் பார்த்த அறையைத் திறந்துவிட்டார்கள். தாய்மார்கள் வாசலில் நின்று சந்தேகமாகக் கேட்டார்கள்: “இது ஆஸ்பத்திரி இல்லையே?”

“இல்லம்மா. இது பின்பக்கம்,” என்றாள் விசி, முகம் மாறாமல். அவர்களுக்கு அது போதுமாயிருந்தது. ஒவ்வொரு குழந்தையாய் உள்ளே வர, அவளுக்கு உயிர் வந்தது.

ஊரடங்கு தளர்ந்தபின் ஃபெர்மின்தான் பாவம். சதுக்கத்தில் காபி குடிக்க உட்கார்ந்தால், அவரைக் கண்ட குழந்தைகள் அலறியடித்துத் தாயின் பாவாடைக்குள் ஒளிந்தன.

“நான் ஒருத்தனையும் தொடக்கூட இல்லையே விசி,” என்று அவர் புலம்பினார்.

விசி தன் காபியைக் கலக்கினாள். “உங்க மேஜையிலே ஊசி போட்டா அப்படித்தான் டாக்டர்,” என்றாள்.